லிந்துலையில் பொறி தேடிய ஞாயிறு

சனிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் இறங்கினேன். கொழும்பிலிருந்து ஐந்தரை மணி நேரப் பயணம். கினிகத்தேனையைத் தாண்டியபோதே குளிரத் தொடங்கிவிட்டது. ஹட்டனில் என் திருச்சி உடம்பு வெளிப்படையாக நடுங்கியது. ஆவணி மாதத்தில் எங்கள் ஊரில் மின்விசிறிக்குக் கீழே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே கண்டக்டர் காதுவரை கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, "தலவாக்கலை, லிந்துலை, நுவரெலியா!" என்று கூவிக்கொண்டிருந்தார். ஐம்பது ரூபாய்க்கு ஒரு வெறும் தேநீர் குடித்துவிட்டு அந்த பஸ்ஸில் ஏறினேன். லிந்துலைக்கு நூற்று நாற்பது ரூபாய், ஏறக்குறைய இருபத்து மூன்று கிலோமீட்டர்.

எதற்காகப் போகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பன்னிரண்டு வருடங்களாக என்னிடம் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் இருக்கிறது. ஐம்பதுகளில் செய்தது. கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எல்லோரும் அதிலுள்ள குறைகளைப் பட்டியல் போட்டு எனக்கு எழுதுவார்கள். அந்தக் காருக்குள் உட்கார்ந்த நேரத்தைவிட அதற்கு அடியில் படுத்த நேரம் அதிகம் என்பாள் என் மனைவி. பழைய கார்க்காரர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. அதில்தான் லிந்துலை யோகராஜ் பழக்கமானார். என்னுடைய காரின் கூடப்பிறந்தது அவரிடம் இருந்தது, என்னுடையதைவிட இரண்டு வயது மூத்தது. "மகளுக்குக் கல்யாணம் சார். மொதல் நாளே வந்துருங்க. காரையும் பாத்த மாதிரி இருக்கும்" என்று அழைத்தார். கல்யாணம் பார்க்கவா, கார் பார்க்கவா என்று மனைவி கேட்டபோது நான் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

பெண்ணுக்கு ஒரு பட்டுப்புடவை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். அவள் அப்பாவுக்கு வாங்கிய கண்டென்சரைத்தான் கைப்பையில் பத்திரமாக வைத்திருந்தேன். சுண்டுவிரல் பருமனில் ஒரு சின்ன உலோக உருளை அது. பழைய காரில் பொறி உண்டாகிற வேலையில் அதற்கும் பங்கு உண்டு. அது கெட்டால் கார் நின்றுவிடும். என் அனுபவத்தில் பழைய கார் நின்றால் பத்தில் ஆறு தடவை அதுதான் காரணம். இந்த எண்ணம் மறுநாள் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பகல் ஒரு மணி. லிந்துலையில் யோகராஜ் காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, நரைத்த மீசை. கையைப் பிடித்ததும் என் பெட்டியை வாங்கிக்கொண்டார். "பஸ்ஸுல எடம் கெடச்சிச்சாங்க? நின்னுக்கிட்டே வந்தீங்களோன்னு நெனச்சேன்." அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கடல் தாண்டி, எல்லையில் முத்திரை குத்தி, ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து வந்தால், லால்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் என்னை வரவேற்கிறார். அவருடைய முப்பாட்டனார் அந்தப் பக்கத்தவர்தானாம். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. "இதுதான் சார் நம்ம ஊரு" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

பிரதான சாலையிலிருந்து தோட்டத்துக்குள் இரண்டரைக் கிலோமீட்டர் ஆட்டோவில் ஏறினோம். பச்சை, பச்சை, அதற்கப்பால் மூடுபனி. பாதை பெரட்டுக்களம் வரைதான் போகும். காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற திடல் அது. அதற்கு மேலே லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, படிதான். ஆகவே யோகராஜின் கார் அந்தத் திடலின் ஓரத்தில், நான்கு தூணும் தகரக் கூரையும் போட்ட ஒரு கொட்டகையில் நின்றது.

கார் சாம்பல் நிறம். உள்ளே சிவப்புத் தோல் இருக்கை, இரண்டு இடத்தில் தைத்தது. ஒரு தடவை ஓடவிட்டு நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார். பார்த்து அசந்துபோனேன். என்னுடைய காரில் பன்னிரண்டு வருடத்தில் நான் வாங்கிப் போட்ட புதுச் சாமான்களைச் சேர்த்தால் இன்னொரு கார் செய்யலாம். இவருடையதில் பாதிக்கு மேல் பிறவியோடு வந்தவை. ஒயருக்குத் துணி சுற்றியிருந்தது. ஒரு நட்டுக்குப் பதிலாகத் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தின் நட்டு. விசிறி வாருக்குப் பக்கத்தில் கையால் தட்டி நீட்டிய தகடு.

"சாமான் கெடைக்காது சார். கெடச்சாலும் நாங்க வாங்குற வெலையில இருக்காது. அதனால எதையும் சும்மா கழட்ட மாட்டோம். இன்னதுதான் கெட்டுப்போச்சின்னு தெரிஞ்ச பொறகுதான் கை வெப்போம்" என்றார்.

கண்டென்சரைக் கொடுத்தேன். குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இருபது வருடமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணக் கார் இதுதான். லிந்துலையிலும் நோர்வூட்டிலும் எத்தனையோ பெண்களை மண்டப வாசலில் இறக்கிவிட்டிருக்கிறது. "ஊரு பொண்ணுங்களயெல்லாம் இதுல ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். ஒவ்வொரு தடவயும் கண்ணாடியில பின்னால பாப்பேன். நம்ம புள்ள ஒரு நாளைக்கு அந்த எடத்துல உக்காருவான்னு நெனப்பேன்." சொல்லிவிட்டு வேகமாகத் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த விளக்கைத் துடைத்தார்.

மாலை ஐந்து மணி. காருக்குப் பூஜை. யோகராஜின் மனைவி பாக்கியம் கொழுந்து பறிக்கிறவர். லயத்திலிருந்து தட்டோடு படியிறங்கி வந்தார். சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு, நான்கு எலுமிச்சம்பழம். பழங்களை நான்கு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தார். காலையில் கார் அவற்றை நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். அதுவரை எஞ்சினை எழுப்பக் கூடாது. ஸ்டியரிங்குக்குப் பொட்டு, விளக்குகளுக்குப் பொட்டு. பிறகு திறந்திருந்த மூடிக்குள் எட்டிப் பார்த்துக் கணவரிடம் கேட்டார்:

"இதுல உசுரு எங்கங்க இருக்கு?"

யோகராஜ் யோசிக்காமல் கொயிலைக் காட்டினார். டம்ளர் உயரத்தில் நிற்கிற கறுப்பு உருளை அது. பேட்டரியின் சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்கிப் பொறியாக அனுப்புவது அதுதான். பாக்கியம் பன்னீர் விட்டுச் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து, அதன் தலையில் பெரிய பொட்டாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். எஞ்சினுக்கு உயிர் எங்கே என்று கேட்டுப் பொட்டு வைக்கிற அம்மாவை எங்கே பார்க்க முடியும் என்று மனம் நெகிழ்ந்து, குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணி. இரவெல்லாம் மூடுபனி கொட்டகைக்குள் புகுந்திருந்தது. காரின் மேலெல்லாம் ஈரம். உறவினர்களை ஏற்றிய வேன் ஆறரைக்கே ஹட்டன் மண்டபத்துக்குப் போய்விட்டது. முகூர்த்தம் ஒன்பது முப்பத்திரண்டு முதல் பத்து நாற்பது வரை. காரில் போகிறவர்கள் பெண், பெற்றோர், கிழக்கு மேற்குத் தெரியாமல் முன்சீட்டில் உட்காரப்போகும் நான். பெண்ணின் பெரியம்மா ஒருவர் வழியனுப்ப நின்றார். வீட்டைக் காவல் காக்கிற பொறுப்பு அவருக்கு.

யோகராஜ் வெள்ளை வேட்டி சட்டையில் ஏறி உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டு, ஸ்டார்ட்டரை இழுத்தார். எஞ்சின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவில்லை. மறுபடி இழுத்தார். மறுபடி அதே. மூன்றாவது தடவை பேட்டரி முனக ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார்.

"பெட்ரோல்தான்" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றிப் பாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கார்புரேட்டர் குழாயைக் கழற்றினேன். பெட்ரோல் என் சட்டைக் கையில் பீய்ச்சியடித்தது. பெட்ரோலுக்கு ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு நிமிடம் போயிற்று.

யோகராஜ் அந்தப் பெட்ரோலையெல்லாம் துடைத்து, காயவிட்டு, ஒரு பிளக்கைக் கழற்றினார். அதன் ஒயரை மாட்டியபடியே எஞ்சின் இரும்பில் சாய்த்துவைத்து, முன்பக்கக் கைக்கம்பியைச் சுழற்றச் சொன்னார். சுழற்றினேன். பிளக்கின் முனையில் பளிச்சென்று ஒரு பொறி தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை.

"கரண்ட்டு வரல சார்."

"அப்படியானால் கண்டென்சர்" என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நான் கொண்டுவந்த பரிசு கல்யாணக் காரைக் காப்பாற்றப் போகிறது! பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். கம்பியைச் சுழற்றினோம். பொறி இல்லை.

ஏழு நாற்பது. பெரியம்மா காதில் விழுகிற மாதிரியே சொன்னார்: "பொறப்படுறப்பவே இப்பிடி நிக்கிதே. நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியல." பாக்கியம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அவர் பார்வை காரின் மேல் இல்லை, சக்கரத்துக்கு முன்னாலிருந்த எலுமிச்சம்பழத்தின் மேல் இருந்தது. யோகராஜ் முகம் கறுத்துவிட்டது. எனக்கு அந்தப் பெரியம்மாவின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என்மேலும்தான்.

அப்போதுதான் மணப்பெண் படியிறங்கி வந்தாள். தர்ஷினி, வயது இருபத்தேழு, பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. அரக்குச் சிவப்புப் பட்டு, தலைநிறையப் பூ, இரண்டு கையிலும் முழங்கைவரை மருதாணி. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு வந்து நின்றாள். நடந்ததை அப்பா சொன்னார். அவள் போனில் மணி பார்த்தாள்.

"அப்பா, எட்டு இருவது வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல ஆனா ஆட்டோவக் கூப்பிட்டுப் போயிருவோம். முகூர்த்தம் தவறக் கூடாது."

"ஆட்டோவுலயா?" என்றார் யோகராஜ். அந்த ஒரு சொல்லில் இருபது வருடமும் இருந்தது.

"எட்டு இருவது வரைக்கும் நேரம் இருக்குதானே" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்க என்ன மாத்தினீங்க?"

"கண்டென்சர். புத்தம் புதியது."

"பழசயே போட்டுருங்க."

எனக்குச் சுருக்கென்றது. திருச்சியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்!

"புதுசும் கெட்டதா இருக்கலாம்ங்க அங்கிள். நேத்து ஓடினப்ப எப்படி இருந்திச்சோ அப்பிடியே வெச்சிக்கிட்டுப் பாத்தாத்தான் நேத்துக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்னு தெரியும்." பிள்ளைகளுக்குச் சொல்கிற குரல், ஆனால் மரியாதையோடு. "நான் தொட ஏலாது, கையெல்லாம் எண்ணெய் ஆயிரும். நீங்கதான் எனக்குக் கை."

அறுபத்தொரு வயதில், கோட்டில்லாமல், பெட்ரோல் நாற்றத்தோடு, ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கையாக ஆனேன். பழையதை மாட்டினேன்.

ஏழு ஐம்பது. "பல்பு வெச்சிப் பாத்தீங்களா?" என்றாள். இல்லை. நாங்கள் இருவரும் பிளக்கைப் பார்த்தோம், பிறகு என் பரிசைப் பார்த்தோம், அவ்வளவுதான். யோகராஜ் பெட்டியிலிருந்து ஒரு சின்ன பல்பும் இரண்டு ஒயரும் எடுத்தார். ஒரு ஒயர் கொயிலின் பக்கத்துத் திருகில், மற்றது காரின் உடம்பில். கைக்கம்பியை மெதுவாகச் சுழற்றினார். பல்பு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது.

தர்ஷினியின் முகம் தெளிந்தது. "விட்டு விட்டு எரியுது. அப்ப கொயிலுக்குக் கரண்ட்டு வருது, பாயிண்ட்டும் ஒழுங்காத் தொறந்து மூடுது. பேட்டரி, சுவிட்ச்சு, பாயிண்ட்டு மூணும் நல்லாருக்கு. இனி அந்தப் பக்கம் பாக்கவே வேணாம்."

பாயிண்ட் என்பது கொயிலுக்குப் போகிற மின்சாரத்தை விட்டு விட்டு அறுக்கிற சின்ன முனை. ஒரு பல்பை வைத்துக்கொண்டு காரில் பாதியை இவள் தள்ளிவைத்துவிட்டாள். நான் வீட்டில் இந்தப் பாதியை மாற்றுவதற்கே ஒரு மாதச் சம்பளம் செலவழித்திருப்பேன்.

அடுத்தது கொயிலின் நடுவிலிருந்து கிளம்புகிற தடித்த ஒயர். அதன் மறுமுனை டெல்கோவில், அதாவது பொறியை நான்கு பிளக்குக்கும் பங்கிடுகிற குடுவையில் செருகியிருக்கும். அந்த முனையைப் பிடுங்கி இரும்பிலிருந்து ஒரு நெல்மணி தூரத்தில் பிடிக்கச் சொன்னாள். உலர்ந்த துணியைச் சுற்றிப் பிடித்தேன். யோகராஜ் சுழற்றினார். ஒன்றும் இல்லை. அந்த ஒயரை மாற்றி வேறொரு ஒயரைப் போட்டோம். அப்போதும் இல்லை.

"கொயில் போயிருச்சு" என்றார் யோகராஜ். கைக்கம்பியை மெல்லக் கீழே வைத்தார். மாற்றுக் கொயில் கொழும்பில் தேடினாலும் ஒரு வாரம் ஆகும். "ஆட்டோக்காரனுக்குப் போன் போடும்மா. நேரமாவுது." நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

எட்டு மணி ஆறு நிமிடம்.

"இருங்கப்பா. கொயில் செத்திருச்சின்னு சொல்றதுக்கு நமக்கு இன்னும் சாட்சி இல்ல. உள்ள பொறி பொறந்து, ஒயருக்கு வராம வழியிலயே வேற எங்கயாவது எறங்கிப் போகலாம். போனா வெளிச்சம் தெரியும். பகல்ல நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்." திரும்பி, "அம்மா, படங்கு எடுத்துட்டு வாங்க" என்றாள்.

கொழுந்து பறிக்கிற பெண்கள் ஈரச் செடி உடம்பில் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற தடித்த துணிதான் படங்கு. வெயிலும் மழையும் ஊடுருவாது. பாக்கியம் பட்டுச்சேலையோடு படியேறி ஓடி எடுத்துவந்தார். எஞ்சின் மேலும் என் தலைமேலும் அதைப் போர்த்தி, ஓரங்களைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டார். உள்ளே கும்மிருட்டு. தேயிலைச் சாறும் மழையும் கலந்த வாசனை.

"சுத்துறேன் சார்" என்று யோகராஜ் குரல் கேட்டது.

எஞ்சின் ஒருமுறை உருண்டது. டிக்கென்று ஒரு சத்தம். என் மூக்குக்கு முன்னால், கொயிலின் தலையில், நடுக் குமிழிலிருந்து பக்கத்துத் திருகுவரை ஒரு நீலக் கோடு நெளிந்து மறைந்தது. மறுபடி உருண்டது. மறுபடி அதே இடத்தில், அதே நீலக் கோடு. அது ஊர்ந்து போன பாதை முழுக்க ஈரச் சந்தனம். நடுவில் குங்குமம்.

பன்னீரில் குழைத்தது, இரவெல்லாம் மூடுபனியில் காயாமல் கிடந்திருக்கிறது. பொறி ஒயருக்கு ஏறாமல் அந்த ஈரத்தின்மேல் நடந்து இறங்கிக்கொண்டிருந்தது. கார் செத்துப்போகவில்லை. அதன் உயிர் இருக்கிற இடம் என்று காட்டியதில் வைத்த பொட்டுதான் அதை நிறுத்தியிருக்கிறது.

படங்கை விலக்கித் தலையை வெளியே எடுத்தேன். எனக்கு மேலே பாக்கியம் நின்றார். இரண்டு கையாலும் துணியின் ஓரத்தைப் பிடித்தபடி, உதடு காய்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. வங்கியில் முப்பத்து மூன்று வருடம் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட சேதி சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்ல வாய் வரவில்லை.

"என்னங்க அங்கிள் தெரிஞ்சிச்சி?" என்றாள் தர்ஷினி.

"நீயே பாரும்மா."

என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பூவும் நெற்றிச்சுட்டியுமாக அப்படியே படங்குக்குள் குனிந்தாள். அப்பா சுழற்றினார். ஒரு தடவை, இரண்டு தடவை. வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஆசிரியைகளுக்குத்தான் அப்படி முகம் வைத்துக்கொள்ள வரும்.

"ஈரம்தான்ப்பா. பனி எறங்கியிருக்கு. கொயில் நல்லா இருக்கு." பிறகு அம்மாவிடம், "அம்மா, ஒரு வெள்ளத் துணிய அடுப்புல நல்லா சூடு காட்டி எடுத்துட்டு வாங்க. நீங்களே காட்டுங்க, கருக்கிறாதீங்க."

பாக்கியம் போனார். பெரியம்மாவையும் துணைக்கு அனுப்பினாள். இருவரும் படியில் மறைந்ததும் அப்பாவின் தோளிலிருந்த துண்டை வாங்கி என்னிடம் நீட்டினாள். நான் சந்தனத்தை வழித்துத் துடைத்தேன். துண்டில் மஞ்சள் மஞ்சளாக ஏறியது. யோகராஜ் அதைப் பார்த்தார், கொயிலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவர் துண்டை மடித்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். பாக்கியம் சூடான துணியோடு வந்தார். அதை வைத்துக் கொயிலின் தலையில் ஒட்டியிருந்த கடைசி ஈரத்தையும் ஒற்றி எடுத்தேன். ஒயர்களை அதனதன் இடத்தில் செருகினோம்.

எட்டு மணி பதினேழு நிமிடம். பேட்டரியை நம்பாமல் யோகராஜ் கைக்கம்பியையே சுழற்றினார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். "வண்டிக்கு ஒண்ணும் இல்ல பெரியம்மா, மழயில நனஞ்ச பூன மாதிரி கொஞ்சம் குளிருச்சி, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே தர்ஷினி ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் ஏறினாள். நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்கின.

தலவாக்கலை வரை எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தோம். நகரைத் தாண்டியதும் வலதுபுறம் நீர்த்தேக்கம், பிறகு மலையைப் பிளந்துகொண்டு இறங்கும் அருவி. பயணிகள் இறங்கிப் படமெடுக்கிற இடம். நான் பார்த்தது வேறு. யோகராஜ் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சாலையைப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது மணி எட்டு நிமிடத்துக்கு ஹட்டனில் மண்டப வாசலில் நின்றோம். இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். மகள் இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், மருதாணியோடு எண்ணெய் ஒட்டியது.

பகல் இரண்டு நாற்பது. கல்யாணம் சிறப்பாக முடிந்து, சாப்பாடும் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை ஊரான நோர்வூட்டுக்குப் புறப்பட வேண்டிய நேரம். இருவரும் காரில் உட்கார்ந்துவிட்டார்கள். யோகராஜ் மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போது பாக்கியம் சந்தனத் தட்டோடு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூடியை மூடப் போனோம்.

"மூடாதீங்க அண்ணே" என்றார் என்னிடம். உள்ளே எட்டிப் பார்த்தார். "கொயில்ல வெச்ச பொட்டக் காணோம். இவரு துண்டு மஞ்சளா சட்டைக்குள்ள கெடக்குது. இருவத்தெட்டு வருசமா இவரு துணிய நான்தான் தோய்க்கிறேன், எனக்குத் தெரியாதுங்களா? அடுப்படியில துணியச் சூடு காட்டுறப்பவே வெளங்கிருச்சி. மூணு பேரும் சேந்து என்னய மேல அனுப்பினீங்க."

யோகராஜ் சாலையைப் பார்த்தார். காருக்குள்ளிருந்து தர்ஷினி சிரிப்பை அடக்க முடியாமல் மாப்பிள்ளையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"பெரியம்மா சொன்னதக் கேட்டு அர மணி நேரம் என் நெஞ்சு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சகுனம் இல்ல, என் சந்தனந்தான்னு வெளங்கின பொறகுதான் எனக்கு மூச்சே வந்திச்சி" என்றவர், தட்டை என் முன்னால் நீட்டினார். "இந்தத் தடவ நீங்களே சொல்லுங்க. எங்க வெச்சா ஓடும்?"

மூடியின் வெளிப்புறத்தைக் காட்டினேன். நிதானமாக, நடுவில், பெரிதாக வைத்தார். பிறகு மோதிர விரலில் மிச்சம் எடுத்து என் நெற்றிப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இங்க வெச்சா ஒண்ணும் நின்னுறாதுங்களே?"

எல்லோரும் சிரித்தோம். கார் முதல் இழுப்பில் கிளம்பிப் போயிற்று.

திருச்சிக்குத் திரும்பிய மறுநாள் காலையில் என் காரின் மூடியைத் திறந்தேன். கொயிலின் தலையில், ஒன்றின்மேல் ஒன்றாக, பன்னிரண்டு ஆயுத பூஜையின் சந்தனம் ஓடு கட்டிக் கிடந்தது. எல்லாம் நான் என் கையால் வைத்தவை. எங்கள் வெயிலில் அது கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும், பொறியை ஒன்றும் செய்யாது. ஆகவே அது அங்கே இருப்பதையே நான் பார்த்ததில்லை. அதே வருடங்களில் எத்தனை கண்டென்சர் மாற்றினேன் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். பிறகு உள்ளே போய், வீட்டில் சின்ன பல்பும் இரண்டு துண்டு ஒயரும் இருக்கிறதா என்று மனைவியைக் கேட்டேன்.